முப்பத்தெட்டு கிலோ

ஐப்பசி மழை அன்றைக்கு எந்தக் கட்சியிலும் இல்லை.
தச்சநல்லூர் முக்கில் மைக்செட்டும்
மண்ணெண்ணெய்க் கேனும் தயாராய் நிற்க,
மூன்று சாக்குப் புத்தகங்களை
என் லோடு ஆட்டோவில்தான் கொண்டுவந்தார்கள்.
எரிப்பதற்கென்று
கடையில் காசு கொடுத்து வாங்கியவை.
பில் இருந்தது. பத்து சதவீதம் தள்ளுபடி.

நாலு தீப்பெட்டி நமுத்துப் போச்சு.
ஊற்றிய மண்ணெண்ணெய்
வானவில் வானவில்லாய் ஓடைக்குள் இறங்கியது.
ஒரே ஒரு அட்டை கருகிச் சுருண்டது.
"விடுங்கல, போட்டோ எடுத்தாச்சுல்லா"
என்றார் செல்லக்குட்டி அண்ணாச்சி.
"பேட்டையில பழைய பேப்பர் கடையில போட்டுட்டு
ஒன் வாடகையை எடுத்துக்கிடு."

தராசு முப்பத்தெட்டு கிலோ காட்டியது.
பீர்முகமது ஐந்தைக் கழித்தார்.
மழைத்தண்ணிக்கு யாரு வே காசு தருவா?

அட்டை கருகிய அந்த ஒன்று
சீட்டுக்கு அடியில் கிடந்தது.
கிடக்க விட்டேன் என்றும் சொல்லலாம்.

பத்தாவதில் தமிழில் நாற்பத்தொன்று எனக்கு.
பாஸுக்கு மேலே ஆறு.
அந்த ஆறு மார்க்கை வைத்துக்கொண்டு
வண்ணார்பேட்டை பாலத்தடியில் வண்டியை ஒதுக்கிப் படித்தேன்.
நம்மைக் கேவலமாய் எழுதியிருக்கிறாள் என்றார்களே,
எங்கே என்று தேடித்தான் போனேன்.

போன விரல் அறுபத்து நாலாம் பக்கத்தில் நின்றது.
கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி
பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் ஒருத்தி.
மதுரை வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது.
கையில் ஒரு உளுந்த வடையைப்
பிய்க்கிறாள், பிய்க்கிறாள், தின்னவில்லை.

என் தங்கை ஏறிவிட்டாள்.
பதினோரு வருஷம். வீட்டில் அவள் பேரைச் சொல்வதில்லை.
இவள் ஏறினாளா என்று தெரிந்துகொள்ள
அன்று இரண்டு லோடை விட்டேன்.
ஏறினாளா என்பதை
உங்களுக்குச் சொல்ல மாட்டேன். படியுங்கள்.

ராத்திரி சோற்றுக்கு உட்கார்ந்தபோது
"பேச்சிக்கனி" என்றேன், சும்மா, பேரை மட்டும்.
அம்மா கரண்டியைக் கீழே வைக்கவில்லை.
அவ்வளவுதான் நடந்தது.

முக்கூடலில் இலைக்கட்டு இறக்கும்போது
கணக்கு எழுதுகிற உலகம்மாள் பார்த்துவிட்டாள்.
"அந்த புக்கா?"
"அந்த புக்குதான்."
ஒன்பது நாள் கழித்து வந்தது,
அடையாளத்துக்கு ஒரு பீடி இலைத் துண்டோடு.
பிறகு கல்லிடைக்குறிச்சி, ஒரு அப்பளக் கம்பெனி,
நூற்றுப் பத்தாம் பக்கத்தில் உளுந்து மாவு.
பிறகு ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி, நர்ஸ் ஞானப்பூ,
நைட் டூட்டியில் வாசித்து
"இதுக்கா இம்புட்டு கூப்பாடு? பாதியில தூங்கிட்டேன்" என்றாள்.
தூங்குவதற்கும் சேர்த்துத்தான் கொடுத்தேன்.

இப்போது தொண்ணூற்று மூன்றாம் பக்கத்து ஓரத்தில்
நீல மையில் யாரோ: இது பொய்.
அதன் கீழே பென்சிலில்: உனக்கு.
இன்னும் கீழே பச்சையில்:
சண்டைய வெளியே வச்சுக்கிடுங்க, கதை போய்க்கிட்டிருக்கு.

அரசாங்கம் தடை என்றது, கோர்ட்டு பார்ப்போம் என்றது,
கடைக்காரர்கள் அலமாரியில் அந்த இடத்தில்
சமையல் குறிப்பு அடுக்கினார்கள்.
ஒரு புத்தகம் மட்டும்
பஸ்ஸிலும் டிபன் கூடையிலும் என் வண்டியிலுமாய்
ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
போய் வந்துகொண்டே இருந்தது.

தைப்பூசத்தன்று டீக்கடை.
பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் செல்லக்குட்டி அண்ணாச்சி.
"ஏல சொடலமணி, அன்னைக்கு எல்லாத்தையும் போட்டுட்டியா?"
"போட்டாச்சு அண்ணாச்சி."
டீ ஆடை கட்டியது.
"ஒண்ணுகூடவா இல்ல?"

அவர் மகள் போன மாசம்
அதே மதுரை வண்டியில் ஏறியது
ஊருக்கே தெரியும்.

"வீரவநல்லூர்ல இருக்கு.
ஒங்களுக்கு முன்னால நாலு பேரு நிக்காவ.
அட்டை கருகிப் போச்சு, பரவால்லயா?"

அட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
விரலை மடக்கி மடக்கி எண்ணினார்.
"அப்போ பங்குனி ஆயிரும்லா?"

ஆகும், என்றேன்.